பள்ளிக்கூடம் பூட்டப்பட்டால் வீட்டுக்கு யார் வருவார்கள்?

கேள்வி:

ஐயா, நான் கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கொரோனா வந்த 2020-இல் என் மகள் எட்டாம் வகுப்புக்கும் மகன் ஒன்றாம் வகுப்புக்கும் போக வேண்டிய ஆண்டு. மீன்பிடித் தொழிலுக்குப் போன என் கணவர் ஈரானில் சிக்கிக்கொண்டு, பல மாதங்கள் கழித்தே ஊர் திரும்பினார். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதை அவருடைய அழைப்புக்காக வைத்திருப்பதா, மகளின் பாடத்துக்குக் கொடுப்பதா என்று தவித்த நாட்கள் பல. பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார்கள், அரிசி வாங்க வரச் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மகள் எப்படியோ படித்து இப்போது கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்துவிட்டாள். மகன் ஆறாம் வகுப்பு. இன்னமும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க மாட்டான். கேரளத்தில் நிபா என்று செய்தி வரும்போதெல்லாம், மறுபடியும் பள்ளியை மூடினால் என்ன செய்வோம் என்று குழுவிலுள்ள தாய்மார் கேட்கிறார்கள். தலைமை ஆசிரியரோ, மேலிருந்து உத்தரவு வரும், அதன்படி செய்வோம் என்கிறார். அவர் நல்லவர்தான். ஆனால் உத்தரவு வரும்வரை நாங்கள் சும்மா இருக்க வேண்டுமா? கல்வித் துறையிடம் என்ன கேட்கலாம், நாங்களே என்ன செய்து வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தலைமை ஆசிரியர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பள்ளியை மூடுவதும் திறப்பதும் அவர் கையில் இல்லை. 2020 மார்ச் நடுவில் மூடிய வகுப்பறைகளுக்கு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பி வந்தார்கள். வந்த இரண்டே வாரத்தில் நம் மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்து மறுபடியும் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இவை எல்லாம் அரசும் மாவட்ட நிர்வாகமும் எடுத்த முடிவுகள். ஆனால் மூடச் சொல்லும் உத்தரவுக்கு, எந்த வீட்டில் தகப்பன் பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருக்கிறான், எந்த வீட்டில் கைப்பேசி அடகுக் கடையில் இருக்கிறது, எந்தப் பிள்ளை இரவில் பயந்து அழுகிறது என்பதெல்லாம் தெரியாது. கடலோர நீரோடிக்கும் மலையோரப் பேச்சிப்பாறைக்கும் ஒரே வாசகத்தில்தான் அது வந்து சேரும். அந்த உத்தரவை வீடு வீடாகப் பொருள்படச் செய்கிற வேலை முழுவதும் பள்ளியைச் சார்ந்தது. அதை உத்தரவு வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

அந்த ஆண்டுகளில் நம் மாவட்டத்தின் மலையோர ஒன்றியம் ஒன்றில் நான் வட்டாரக் கல்வி அலுவலராக இருந்தேன். எத்தனை மாணவர்களுக்கு அரிசி வழங்கப்பட்டது, எத்தனை பேர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள், எத்தனை பேர் கல்வித் தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்று நாள்தோறும் எண்ணிக்கை கேட்டு, நாள்தோறும் எண்ணிக்கை அனுப்பினோம். 2020 செப்டம்பரில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பள்ளியின் ஆசிரியை ஒருவரோடு பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்து போனபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஏப்ரலிலேயே கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கம் உள்ள அத்தை வீட்டுக்குப் போய், அங்கே கைக்குழந்தை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதை அறிந்தோம். எங்கள் கணக்கில் அவள் வாட்ஸ்அப்பில் பாடம் பெறும் மாணவி. அரிசியையும் அவள் தாய் முறையாகக் கையெழுத்திட்டு வாங்கியிருந்தார். எந்தப் படிவத்திலும் பிழை இல்லை. பிள்ளை மட்டும் ஐந்து மாதமாக ஊரில் இல்லை. அதனால்தான், பள்ளி மூடப்படும் காலத்தில் குடும்பங்களுக்கு முதலில் வேண்டியது கருவியா, பணமா, பாடமா என்று யாராவது கேட்டால், அந்த வீட்டை அறிந்த, அந்த வீட்டுக்குப் பொறுப்பான ஒரு மனிதர் வேண்டும் என்றே நான் சொல்லி வருகிறேன்.

ஆகவே உங்கள் குழு செய்ய வேண்டிய முதல் வேலை, பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டைப் பற்றியும் ஒரு பதிவேடு எழுதுவது. மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் எல்லா விவரமும் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சேர்க்கையின்போது கொடுத்த தொலைபேசி எண். அந்த எண் யாருடையது, அந்த மனிதர் எப்போது வீட்டில் இருப்பார் என்பது அங்கே இல்லை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் தகப்பன் பெயரிலுள்ள கைப்பேசி அவரோடு விசைப்படகில் ஏறி முப்பது, நாற்பது நாட்கள் கடலில் இருக்கும். அந்த எண்ணுக்கு அனுப்பிய செய்தி பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு வைத்தால் அந்தக் கணக்கு யாருக்கும் உதவாது.

பதிவேட்டில் எழுத வேண்டியவை அதிகம் இல்லை. வீட்டில் பகலில் இருக்கும் பெரியவர் யார், அவருக்குத் தமிழோ மலையாளமோ வாசிக்கத் தெரியுமா, கைப்பேசி எத்தனை, அவை எந்த நேரத்தில் யார் கையில் இருக்கும், தொலைக்காட்சி இருக்கிறதா, குடும்ப அட்டை எந்த நியாயவிலைக் கடையைச் சேர்ந்தது, வேலை நின்றுபோனால் குடும்பம் எந்த ஊருக்குப் போகும், பிள்ளைக்கு நாள்தோறும் மருந்தோ சிறப்புப் பயிற்சியோ தேவைப்படுகிறதா, அவசரத்துக்குக் கூப்பிடக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பவை போதும். குழுவின் தாய்மார் இருவர் இருவராகச் சென்றால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். கடற்கரை ஊர்களில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கத்தோலிக்க ஆலயப் பங்குகளில் ஏறத்தாழ முப்பது வீடுகளுக்கு ஓர் அன்பியம் என்று சிறு சிறு குழுக்களாக ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அதே பிரிவை வைத்துக்கொண்டு, ஓர் அன்பியத்தின் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு குழு உறுப்பினர் என்று பெயர் குறித்துவிடுங்கள். பிற சமயத்துக் குடும்பங்களும் வெளியூரிலிருந்து வந்து குடியிருப்போரும் இந்தப் பிரிவில் விடுபட்டுப் போகாமல் அவர்களைத் தெருக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பகுதிகளில் சுய உதவிக் குழுக்கள் இதே வேலைக்கு உதவும்.

நான் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, கடலில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கை உங்கள் ஊர்களும் பங்குகளும் வீடு வீடாகக் கேட்டுத்தான் எடுத்தன. அந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான் பல குடும்பங்களுக்காகப் பேச முடிந்தது. உங்கள் ஊர் பெரும் துயரத்தில் கற்றுக்கொண்ட ஒரு முறையைப் பிள்ளைகளுக்காக முன்கூட்டியே செய்து வைக்கச் சொல்கிறேன், அவ்வளவே.

ஒரு கவனம் தேவை. இது வீட்டின் அந்தரங்கம் சார்ந்த பதிவேடு. இரண்டு பிரதிகள் மட்டும் இருக்கட்டும். ஒன்று தலைமை ஆசிரியரின் அலமாரியிலும் மற்றொன்று உங்கள் பொறுப்பிலும் இருக்கட்டும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு யாரையும் அனுமதிக்காதீர்கள். வீட்டில் குடிப்பழக்கம், கடன், சண்டை போன்ற செய்திகளை எழுதவே வேண்டாம். அவற்றைப் பொறுப்பான ஒருவர் மனத்தில் வைத்திருந்தால் போதும்.

அடுத்தது உணவு. இதில் நீங்கள் யாரிடமும் இரந்து நிற்க வேண்டியதில்லை, ஏனென்றால் சட்டம் உங்கள் பிள்ளைகளின் பக்கம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குப் பள்ளி நாட்களில் மதிய உணவை உரிமையாக்கியது. அதன் கீழ் 2015-இல் வந்த மதிய உணவு விதிகள், எந்தக் காரணத்தாலாவது பள்ளி நாளில் சமைத்த உணவு வழங்கப்படாவிட்டால் அதற்கு ஈடான தானியத்தையும் சமையல் செலவுத் தொகையையும் உணவுப் பாதுகாப்புப் படியாக அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும் என்கின்றன. 2020 மார்ச் 18 அன்று, பள்ளிகள் மூடிய சில நாட்களிலேயே, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மாநிலங்களிடம் விளக்கம் கேட்டது. பின்னர் தமிழ்நாட்டில் அரிசியும் பருப்பும் முட்டையும் உலர் பொருட்களாக வழங்கப்பட்டன. அளவுக் கணக்கு எளிது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைக்கு 150 கிராம். இருபது பள்ளி நாட்கள் உள்ள மாதத்தில் முதலாமவருக்கு இரண்டு கிலோ, இரண்டாமவருக்கு மூன்று கிலோ. இந்தக் கணக்கு ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருந்தால், வரிசையில் நிற்கும்போது கிடைப்பதை வாங்கிக்கொண்டு போகிற நிலை இருக்காது.

ஆனால் 2020-இல் இல்லாத ஒரு புதிய இழப்பு அடுத்த முறை இருக்கும் என்பதைக் கல்வித் துறையே இன்னும் அதிகமாகப் பேசி நான் கேட்கவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. இன்று உங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் காலையிலும் மதியத்திலும் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். விடியற்காலையில் மீன் ஏலத்துக்கும் அண்டியாபீஸ் எனப்படும் முந்திரி ஆலை வேலைக்கும் கிளம்பும் தாய்மார் அதை நம்பித்தான் வீட்டு நேரத்தை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி மூடினால் ஒரே நாளில் இரண்டு வேளை போய்விடும். மதிய உணவுக்கு மேலே சொன்ன மத்தியச் சட்டத்தின் காவல் உண்டு. காலை உணவு மாநில அரசின் திட்டமாதலால், மூடல் காலத்தில் அது எந்த வடிவில் வீட்டுக்கு வரும் என்பதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். உங்கள் குழு எழுத்தில் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி இதுவே என்று நான் கருதுகிறேன்.

பொருட்களை வழங்கும் விதத்திலும் குடும்பத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் எல்லோரையும் வரச் சொல்வதற்குப் பதிலாக, அன்பியம் வாரியாக நேரம் பிரித்துக் கொடுக்கலாம். நோயுற்றவர், பிரசவித்தவர், தனிமைப்படுத்தப்பட்ட வீட்டார் ஆகியோருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் யார் என்பதைச் சத்துணவு அமைப்பாளரோடு பேசி முன்பே முடிவு செய்யலாம். அரிசி கொண்டுபோகிற கையோடு ஒரு நூலகப் புத்தகமும் பயிற்சித் தாளும் போக வேண்டும். அரிசி வாங்க வரும் தாயிடம் பிள்ளை நலமா, தூங்குகிறதா, என்ன செய்கிறது என்று ஆசிரியர் இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். அன்று உங்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த இரண்டு நிமிடம்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. வளரிளம் பெண்களுக்குப் பள்ளி வழியாகக் கிடைத்துவந்த இரும்புச்சத்து மாத்திரையும் சானிட்டரி நாப்கினும் பள்ளி மூடியதும் பல இடங்களில் சத்தமில்லாமல் நின்றுபோயின. அதைப் பற்றி யாரும் வெளியே சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, உணவுப் பொருட்களோடு அவற்றையும் ஒரு தாய் கையில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

பாடத்தைப் பற்றி. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்றே தொடங்கப்பட்டிருந்ததால் தமிழ்நாட்டுக்கு ஒரு கருவி கையில் இருந்தது. அது பெரிய உதவி, ஐயமில்லை. என்றாலும் திரை பேசிக்கொண்டே போகும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று நின்று கேட்காது. கைப்பேசி வகுப்புகளுக்கு 2020 ஜூலையில் மத்தியக் கல்வித் துறை ‘பிரக்யதா’ என்ற பெயரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்குக்கு மேல் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டிருந்தது. சில தனியார் பள்ளிகளில் ஆறு வயதுப் பிள்ளையைக் காலை முதல் பிற்பகல் வரை திரைக்கு முன் உட்கார வைத்தார்கள். அது பிள்ளைக்கும் தாய்க்கும் செய்த கொடுமை. உங்கள் பள்ளியில் அத்தகைய வசதியே இல்லையே என்று நீங்கள் அன்று வருந்தியிருக்கக்கூடும். சிறு வகுப்புகளைப் பொறுத்தவரை அந்த வருத்தம் தேவையில்லை என்று ஓர் ஆசிரியனாக உறுதியாகச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து நுழைவது, அருகில் இருக்கும் ஒருவரின் குரல் வழியாகவும் விரல் வழியாகவும்தான்.

இதைப் பின்னர் அரசும் உணர்ந்தது என்பதற்குச் சான்று இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டம் முதற்கட்டமாகப் பன்னிரண்டு மாவட்டங்களில் நடத்தப்பட்டது. நம் கன்னியாகுமரி அவற்றுள் ஒன்று. பிளஸ் டூ முடித்தவர்கள் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும், பட்டம் பெற்றவர்கள் ஆறு முதல் எட்டு வரை படிப்போருக்கும், மாலையில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், இருபது பேருக்கு மிகாத குழுக்களாகத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் படகு மறைவிலும் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஊக்கத்தொகை. அந்த ஆயிரத்துக்காக அவர்கள் வரவில்லை என்பதை நேரில் பார்த்தவன் நான். பெரும்பாலோர் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த படித்த பெண்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தின் முதலிடத்தில் நின்ற மாவட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் இல்லாத தெருவே கிடையாது. என் மனக்குறை ஒன்றுதான். பள்ளிகள் மூடிக் கிடந்த பத்தொன்பது மாதங்களும் இவர்கள் அதே தெருக்களில்தான் இருந்தார்கள், நாம் கேட்கவில்லை. நோய்ப் பரவல் தணிந்திருந்த இடைப்பட்ட மாதங்களில், ஐந்தைந்து பிள்ளைகளாகத் திறந்த வெளியில் உட்கார வைத்திருந்தால் உங்கள் மகனைப் போன்றோர் எழுத்தைத் தவற விட்டிருக்க மாட்டார்கள். உங்கள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தெருவாரியாக இவர்களுடைய பெயரையும் எழுதி வைத்து, இப்போதே ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டில் தாய்மாரின் பங்கு எவ்வளவு என்று தெளிவாக இருக்க வேண்டும். பள்ளி மூடியபோது ஆசிரியரின் வேலை முழுவதையும் தாய் தலையில் வைத்தோம்; செய்ய முடியாதபோது அவரையே குறை சொன்னோம். சமையலும் தண்ணீரும் முதியோரும் கடனும் அவர்மேல் இருக்கும்போது, வகுப்புப் பாடத்தை அவர் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து, அது வாசிப்பதைக் கேட்பதோ, தெரிந்த கதை ஒன்றைச் சொல்வதோ போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைச் செய்யலாம். மற்றதைப் பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை தாளைக் கொடுத்து, சென்ற வாரத் தாளைத் திருத்தித் திருப்பித் தர வேண்டும். திருத்தித் திருப்பிக் கொடுப்பது மிக முக்கியம். யாரும் பார்க்காத தாளைப் பிள்ளை மூன்றாம் வாரத்திலிருந்து எழுதாது.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த வரியில்தான் உங்கள் வேதனை முழுவதும் இருக்கிறது. அவன் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய ஒன்றாம் வகுப்பு முழுவதும் வீட்டில் கழிந்தது. இரண்டாம் வகுப்பிலும் பாதி போய்விட்டது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கான எண்ணும் எழுத்தும் இயக்கம் 2022 ஜூனில் தொடங்கியபோது அவன் மூன்றாம் வகுப்பு, ஆகவே அதன் பயன் ஓராண்டே நேரடியாகக் கிடைத்திருக்கும். குறை அவனிடத்திலும் இல்லை, உங்களிடத்திலும் இல்லை. ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். அவன் தடுமாறாமல் வாசிக்கக்கூடிய நிலை எதுவோ, இரண்டாம் வகுப்புக் கதைப் புத்தகமாக இருந்தாலும் சரி, அங்கிருந்து தொடங்குங்கள். முதல் முறை நீங்களோ மகளோ வாசித்துக் காட்டுங்கள். இரண்டாம் முறை சேர்ந்து வாசியுங்கள். மூன்றாம் முறை அவன் தனியே வாசிக்கட்டும். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தம்பி தங்கையோ பக்கத்து வீட்டுச் சிறுவனோ இருந்தால் அவர்களுக்கு அவனை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எளிய புத்தகம் என்ற கூச்சம் அதில் மறைந்துவிடும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்காக அரசு நடத்தும் ‘திறன்’ பயிற்சியில் அவன் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வேறாக வாசிப்பது போன்றவை இருந்தால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்து, வெளியே தெரியாத துன்பங்கள். பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் உதவி அறிவித்தது. இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் ஐந்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்திருந்தால் எஞ்சிய பெற்றோருக்கு மூன்று லட்சம் என்பது அந்த அறிவிப்பு. அது கொரோனாவுக்கென வந்தது; அடுத்த நோய்க்குத் தானாக வந்துவிடாது. எது அறிவிக்கப்பட்டாலும், அதைப் பெறுவதற்கு இறப்புச் சான்றும் நோய்க்கான சான்றும் வேண்டியிருந்ததால் திணறிய வீடுகளை நான் அறிவேன். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்காக அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய் வரப் பள்ளியின் சார்பில் ஒருவர் இருந்தால், அதைவிடப் பெரிய ஆறுதல் வேறு இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. அடி, தகாத தொடுகை, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புதல், பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என எது காதில் விழுந்தாலும் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அழைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கடற்கரையில் இன்னொன்றையும் கவனியுங்கள். பள்ளி மூடிய மாதங்களில் பதினாலு, பதினைந்து வயதுப் பையன்கள் வள்ளத்தில் ஏறினார்கள். கையில் காசு வந்தது. பள்ளி திறந்தபோது திரும்ப மனம் இல்லை. மலையோரத்தில் அதுவே ரப்பர்ப் பால்வெட்டாகவும் சுமைத் தூக்கலாகவும் இருந்தது. அவர்களைத் திட்டித் திருப்ப முடியாது. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பதிவேட்டை எடுத்து, வராதவர் யார் என்று பார்த்து, அந்த வீட்டை அறிந்தவரே நேரில் போய்க் கூப்பிட வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் அந்தப் பையன் அடுத்த துறைமுகத்தில் இருப்பான்.

தனியார் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் உறவினர்கள் உங்களிடம் கட்டணத்தைப் பற்றிக் கேட்டால், 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் 75 விழுக்காட்டுக் கட்டணத்தையே வசூலிக்க அனுமதித்து, அதில் 40 விழுக்காட்டை முதலிலும் 35 விழுக்காட்டைப் பள்ளி திறந்த பிறகும் பெறச் சொன்னதை நினைவூட்டுங்கள். கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வர விரும்பும் பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்ற காரணத்துக்காக எட்டாம் வகுப்பு வரை யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

இனி, துறையிடம் எப்படிக் கேட்பது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமைந்த உங்கள் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருப்பது வெறும் சடங்குக்காக இல்லை. 22-ஆம் பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை உங்களுக்கே கொடுக்கிறது. கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று எழுதும் அந்தத் திட்டத்தில், மூடல் காலத்தில் குடும்பங்களுக்கான ஏற்பாடு என்று ஒரு பக்கம் சேருங்கள். வீட்டுப் பதிவேடு, அன்பியத்துக்கு ஓர் ஆசிரியர், உணவுப் பொருள் வழங்கும் முறை, தாள் கொடுத்துத் திருத்தும் நாள், தன்னார்வலர் பெயர்கள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முன்சிறை ஒன்றியமோ கிள்ளியூர் ஒன்றியமோ, உங்கள் பள்ளி எதில் வருகிறதோ அங்கே இதேபோல மூன்று, நான்கு பள்ளிகளின் தீர்மானங்கள் சேர்ந்தால், முதன்மைக் கல்வி அலுவலரால் அதை ஒதுக்கி வைக்க முடியாது. காலை உணவைப் பற்றிய கேள்வியைத் தனி மனுவாக எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் கடந்து போக வேண்டிய காணிப் பழங்குடிக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு உங்களைவிடத் தடைகள் அதிகம். உங்கள் மனுவில் அவர்களையும் ஒரு வரி சேர்த்தால், அங்கிருந்து நாகர்கோவில் வர முடியாதவர்களுக்காகவும் அது பேசும்.

உங்கள் தலைமை ஆசிரியரோடு மோதாமல் இதைச் செய்யலாம் என்றே நம்புகிறேன். உத்தரவை மீறச் சொல்லவில்லை, உத்தரவு வரும் நாளில் அவர் தனியாக நிற்காதபடி செய்கிறோம் என்று எடுத்துச் சொல்லுங்கள். 2020-இல் என் ஒன்றியத்தில் மிகவும் சோர்ந்துபோனவர்கள் தலைமை ஆசிரியர்களே; கேட்ட எல்லா எண்ணிக்கையும் அவர்கள் கையால்தான் போனது.

வீடு வீடாகப் போவதற்கு ஜூனும் ஜூலையும் ஏற்ற மாதங்கள். மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகில் போகும் தகப்பன்மார் கரையில் இருப்பார்கள், அவர்களிடமும் நேரில் பேசிவிடலாம். வருமானம் இல்லாத மாதங்களும் அவையே, ஆகவே எந்த வீட்டுக்கு முதலில் உதவி வேண்டும் என்பது கேட்காமலே தெரியும். உங்கள் மகள் கல்லூரியில் இருக்கிறாள் என்கிறீர்கள். அந்த ஒற்றைக் கைப்பேசியோடு எட்டாம் வகுப்பைக் கடந்தவள் அவள். அவள் அதே பள்ளியில் படித்தவளாக இருந்தால், முன்னாள் மாணவர்களுக்கும் இப்போது குழுவில் இடம் உண்டு. பதிவேட்டில் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் எழுதியதை அவளிடம் காட்டி, விட்டுப்போனது எது என்று கேளுங்கள். எனக்குத் தெரியாத ஒன்றிரண்டு கேள்விகளை அவள் நிச்சயம் சேர்ப்பாள். அவற்றை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.